கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் உண்மையில் எவற்றைச் சாதித்திருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், தம் மகளுக்குக் கலந்தாய்வில் கிண்டிப் பொறியியல் கல்லூரியோ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) கிடைக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார். எந்தக் கல்லூரியின் இணையதளத்தைத் திறந்தாலும் விருது, பதக்கம், காப்புரிமை என்று ஒரே மாதிரியான பட்டியல்தான் கண்ணில் படுகிறது என்றும், அண்ணா பல்கலைக்கழகத்தின் இவ்விரு வளாகங்களில் சொல்லத் தகுந்ததாக என்னதான் நடந்திருக்கிறது என்றும் கேட்கிறார். நான் 1986 முதல் 1990 வரை கிண்டியில் சிவில் படித்தவன் என்பதால் என் பதிலில் சற்றுப் பாசம் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் சாதனை ஒரு பலகையிலும் ஆசிரியர் சாதனை இன்னொரு பலகையிலுமாக எழுதி மாட்டுவது கல்லூரி அலுவலகத்துக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் இந்த வளாகங்களில் எனக்குத் தெரிந்த பெரிய காரியங்கள் எதையும் அப்படிப் பிரிக்க முடிவதில்லை.

கிண்டியிலிருந்தே தொடங்குகிறேன். 1794-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களுடன் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. கிண்டிக்கு வந்தது 1920-இல். இந்த வயதைப் பற்றிய பெருமிதம் எங்கள் காலத்தில் ஆண்டுவிழாப் பேச்சுகளில் அளவுக்கு மீறி வெளிப்பட்டதால், நாங்கள் அதைக் கேலி செய்வது வழக்கம். அந்த வரலாற்றுக்குள் எவ்வளவு பெரிய நிகழ்வு ஒன்று பொதிந்திருந்தது என்பதை நான் அங்கே படித்த நான்கு ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிப்பை முடித்து வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

அது ஏ. லலிதாவின் கதை. 1919-இல் பிறந்த அவருக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. பதினெட்டு வயதில், மகள் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது, கணவர் இறந்துவிட்டார். அக்காலத்தில் அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு என்ன விதிக்கப்பட்டிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார். மகளை இன்டர்மீடியட் படிக்க வைத்த பின், தாம் கற்பிக்கும் கல்லூரியிலேயே அவரைச் சேர்க்க விரும்பி, முதல்வராக இருந்த கே.சி. சாக்கோவிடம் பேசினார், சாக்கோ இசைந்தார், கல்வித் துறை இயக்குநரின் அனுமதியும் கிடைத்தது. 1940-இல் ஆண்கள் மட்டுமே இருந்த வளாகத்துக்குள் லலிதா நுழைந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. மகள் தனியாக இருப்பதைக் கண்ட தந்தை, பெண்களுக்கும் இக்கல்லூரியில் இடமுண்டு என்பதைச் செய்தித்தாள்கள் வழியாக அறிவித்தார். அடுத்த ஆண்டே லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் படிப்பின் காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். நூற்றைம்பது ஆண்டுக் கல்லூரிக்கு அப்படி ஒரு தேவை வரும் என்று அச்சகத்தார் நினைத்திருக்க மாட்டார்கள்.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் செயல்முறைப் பயிற்சி பெற்று, பின்னர் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்தொடர்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்கிருந்தது. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டுக்கும் சென்றார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இவை மாணவியரின் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பேராசிரியர் தம் மகளுக்குத் துணை தேட விளம்பரம் செய்ததையும், ஒரு முதல்வர் மறுக்க ஆயிரம் காரணங்கள் கைவசம் இருந்தும் மறுக்காமல் இருந்ததையும் எந்தத் தலைப்பில் எழுதுவது? ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் அவை வராது.

நான் என் கண்முன் கண்ட ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் படித்தபோது வா.செ. குழந்தைசாமி துணைவேந்தர். எங்களுக்கு அவர் விழா மேடையில் தெரியும் உருவம், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதுபவர் என்றும் கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் நீரியல் பாடத்தில் ஓர் ஐயம் எழுந்து ஆசிரியரிடம் சென்றபோது, அவர் ஒரு வெளிநாட்டு நூலைத் திறந்து ஒரு பெயரைச் சுட்டிக்காட்டி, “இவர் யார் தெரிகிறதா? எதிர்க் கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்” என்றார். அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் நினைவிருக்கிறது.

அந்தப் பெயர் அங்கே இருந்த காரணம் இதுதான். மழைநீர் ஆற்றில் வெள்ளமாக வந்து சேருமுன் நிலப்பரப்பிலும் ஓடைகளிலும் சற்று நேரம் தேங்குகிறது. அந்தத் தேக்கம் வெளியேறும் நீரின் அளவை மட்டுமே பொறுத்தது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது; ஆனால் வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும் வெளியேற்றம் ஒன்றாகவே இருந்தாலும் தேக்கம் ஒன்றாக இருப்பதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக இதை ஆராய்ந்த குழந்தைசாமி, உள்வரும் நீர், வெளியேறும் நீர், அவை மாறும் வேகம் ஆகிய அனைத்தையும் பொறுத்து அமையும் ஒரு பொதுச் சமன்பாட்டை உருவாக்கினார். முன்பு பலர் தனித்தனியாகச் சொல்லியிருந்த முறைகள் அதன் சிறப்பு நிலைகளாக அடங்கிவிடுகின்றன. நீரியல் அறிஞர் வென் தே சோவுடன் இணைந்து 1971-இல் அவர் அதை வெளியிட்டார். 1988-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது வளாகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சமன்பாட்டைப் பற்றி எங்கள் வகுப்பைத் தவிர யாரும் பேசியதாக நினைவில்லை.

பெயர் பெற்ற பழைய மாணவர்களைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. வெண்மைப் புரட்சியின் வர்கீஸ் குரியன் கிண்டியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். 1958-இல் இங்கே சிவில் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, செயற்கை நுண்ணறிவுத் துறைப் பணிக்காக 1994-இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் சேர்ந்து, கணினி அறிவியலின் மிக உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றார். சிவில் எடுத்தால் எதிர்காலம் இல்லை என்று உறவினர்கள் உங்கள் மகளிடம் சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அவர் பின்னர் சிவிலை விட்டுவிட்டார் என்று அவர்கள் திருப்பிச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

குரோம்பேட்டைக்கு வருகிறேன். தொழிலதிபர் சி. ராஜம் தம் வீட்டை விற்றுப் பணம் திரட்டி 1949-இல் தொடங்கிய கல்லூரி எம்.ஐ.டி. அறிவியல் பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பொறியியல் கற்பிப்பது அதன் தொடக்ககால முறை. வானூர்தியும் மின்னணுவும் இந்நாட்டில் அரிதான பாடங்களாக இருந்தபோதே அங்கே கற்பிக்கப்பட்டன. அப்துல் கலாம் அங்கே படித்ததும், அவருடைய விமான வடிவமைப்பில் நிறைவடையாத பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு விதித்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரித்ததும் பலரும் அறிந்தவை. அந்த நிகழ்ச்சியைக் கண்டிப்பான ஆசிரியர் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ, அந்தப் பேராசிரியர் கெடு முடியும்வரை வீட்டில் காத்திருக்காமல், மாணவர் வரைபலகையின் முன் வேலை செய்துகொண்டிருந்தபோது தாமே நேரில் வந்து பார்த்தார் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. அதே கல்லூரியில் மின்னணுவியல் படித்த ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா, பிற்காலத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றார்.

எம்.ஐ.டி.யும் கிண்டியும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் கட்டடக்கலைப் பள்ளியும் 1978-இல் ஒரே பல்கலைக்கழகமாக இணைந்தன. அதன் பின் நடந்தவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அனுசாட்டைத்தான் சொல்வேன். 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட், ரிசாட்-2 என்ற பெரிய செயற்கைக்கோளுடன் சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியையும் கொண்டு சென்றது. இஸ்ரோவின் வழிகாட்டுதலில் எம்.ஐ.டி. வளாகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைக்கோள் அது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோளும் அதுவே. அதன் வேலை எளிமையானது: ஓரிடத்தின் மேல் செல்லும்போது ஒரு செய்தியை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, இன்னோர் இடத்தின் மேல் செல்லும்போது அதைக் கீழே அனுப்ப வேண்டும். அஞ்சல்காரர் வேலைதான். ஆனால் அந்த வேலையைச் செய்யும் பெட்டி, ராக்கெட்டின் அதிர்வையும் வெற்றிடத்தையும் வெயில், நிழல் மாற்றத்தையும் தாங்க வேண்டும். ஏதேனும் பழுதானால் சென்று திருத்த வழியில்லை.

பல ஆண்டுகள் நீடித்த அத்திட்டத்தில் மாணவர்கள் வருவதும் பட்டம் பெற்றுப் போவதுமாக இருந்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு தொகுதி மாணவர் விட்டுச் சென்ற சுற்றுவரைபடத்தை அடுத்த தொகுதி புரிந்துகொண்டு தொடர வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவில் யாராவது அங்கேயே இருக்க வேண்டும். ஆசிரியரின் பங்கு என்று நான் சொல்வது அதைத்தான். 2012-இல் அனுசாட் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது.

உங்கள் மகளுக்கு இரண்டில் எது கிடைத்தாலும், வரவேற்பு மண்டபத்தில் மாட்டியிருக்கும் பலகைகளைப் படிப்பதில் நேரம் செலவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே, எந்த ஆய்வகத்தில் மாலை ஆறு மணிக்குப் பிறகும் விளக்கு எரிகிறது, அங்கே எந்த ஆசிரியர் இருப்பார், இளநிலை மாணவர்களை உள்ளே விடுவாரா என்று மூத்த மாணவர்களிடம் கேட்கட்டும். நான் அதைக் கேட்டது மூன்றாம் ஆண்டில், அந்த நீரியல் ஐயத்தின் புண்ணியத்தில்தான்.