உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை

கேள்வி: 62 வயதான என் தாயாருக்குக் குடலில் இருந்த கட்டியை அகற்ற, வயிற்றைத் திறந்து நான்கு மணி நேரம் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கு முன் மூச்சுத் தொல்லையே இல்லாத அவருக்கு மூன்றாம் நாள் நிமோனியா வந்துவிட்டது. மயக்கத்தில் இருந்தபோது செயற்கை சுவாசக் கருவி காற்றை அளவுக்கு மீறிச் செலுத்தியிருக்குமா? அவருடைய உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ. (வாசகி, கும்பகோணம்)

பதில்: மயக்க மருந்துக் குறிப்பேட்டைப் பார்க்காமல் உங்கள் தாயாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுப்பியிருக்கும் ஐயம், மயக்கவியல் மருத்துவர்களே பல பத்தாண்டுகளாகத் தங்களுக்குள் விவாதித்து வருவதுதான்.

மல்லாந்து படுத்த நிலையில் முழு மயக்கம் கொடுத்ததும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் தளர்ந்து மேலே ஏறுகிறது. முதுகுப்புறமாக உள்ள நுரையீரல் பகுதிகள் சில நிமிடங்களிலேயே சுருங்கிக் காற்றில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. மயக்கம் பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு இது சிறிதளவேனும் நேர்வதை சி.டி. ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைச் சரிக்கட்டவே 1960களிலிருந்து, எடையில் கிலோவுக்கு 10 மி.லி. அல்லது அதற்கும் மேலாகப் பெரிய மூச்சுகளைக் கொடுப்பது வழக்கமாயிற்று. திறந்திருக்கும் காற்றறைகளை அந்தப் பெரிய மூச்சு மிகையாக விரிக்கிறது, சுருங்கியவையோ ஒவ்வொரு மூச்சிலும் திறந்து மூடி உராய்கின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. தீவிர நுரையீரல் பாதிப்புக்குள்ளானவர்களிடம் கிலோவுக்கு 12 மி.லி.யை 6 ஆகக் குறைத்தபோது இறப்பு விகிதம் ஏறத்தாழ 40 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்ததை 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. அந்தப் பாடம் அறுவை அரங்குக்கும் பொருந்துமா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது.

2013இல் பிரான்சில் வயிற்று அறுவை சிகிச்சை பெற்ற 400 பேரிடம் நடந்த ஆய்வில், சிறிய மூச்சு, மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலுக்குள் விட்டுவைக்கும் 6 முதல் 8 செ.மீ. நீர் அழுத்தம், அரை மணிக்கொரு முறை நுரையீரலை விரித்துவிடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து பெரிய சிக்கல்களை 27.5 சதவீதத்திலிருந்து 10.5 ஆகக் குறைத்தன. ஒப்பீட்டுக் குழுவுக்குப் பெரிய மூச்சு கொடுத்ததோடு, அந்த இறுதி அழுத்தமும் இல்லாமல் விட்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2020இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இரு குழுவுக்கும் 5 செ.மீ. அழுத்தத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு கிலோவுக்கு 6 மி.லி. மூச்சையும் 10 மி.லி. மூச்சையும் ஒப்பிட்டபோது, சிக்கல்கள் 38, 39 சதவீதம் என ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆகவே மூச்சின் அளவு ஒன்றையே குற்றவாளியாக்க இன்றுள்ள சான்று இடம் தரவில்லை என்பதே என் கருத்து.

ஆனால் ஒரு கணக்கு தவறக் கூடாது. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதன் கொள்ளளவு உயரத்தைப் பொறுத்தது. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு, உயரத்தையும் பாலினத்தையும் வைத்துப் போடும் சூத்திரப்படி வரும் எடை சுமார் 48 கிலோ. கிலோவுக்கு 7 மி.லி. என்றால் 336 மி.லி. போதும், 82 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் 574 ஆகிவிடும். குட்டையான, பருத்த பெண்களுக்கே இந்தப் பிழை அதிகம் நேர்கிறது. குறிப்பேட்டில் இந்த எண்ணைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

நிமோனியா மூன்றாம் நாள் வந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அறுவை, மேல்வயிற்று வெட்டு, இரத்தசோகை, முந்தைய மாதத்தில் வந்த சளிக்காய்ச்சல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுபவை. வெட்டுக்காயம் வலிப்பதால் இருமத் தயங்கி, சளி உள்ளேயே தேங்குவதும் அவ்வளவே முக்கியமானது.

கேள்வி: என் கணவருக்கு உயரம் 168 செ.மீ., எடை 115 கிலோ. பருத்தவர்களுக்குக் கூடுதல் அழுத்தம் வைத்தால்தான் பாதுகாப்பு என்கிறார்களே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் பருமனான 1,976 பேரிடம் நடந்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மூச்சு வெளியேறிய பின் நுரையீரலுக்குள் விட்டுவைக்கும் 12 செ.மீ. நீர் அழுத்தத்துக்கும் 4 செ.மீ.க்கும் இடையே நுரையீரல் சிக்கல்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மிகை அழுத்தம் இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தவும் கூடும். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது அழுத்தத்தின் அளவைவிடப் பயனுள்ள தகவல்.

கேள்வி: அறுவைக்குப் பின் மூச்சுப் பயிற்சிக்கென மூன்று பந்துக் கருவியைக் கொடுக்கிறார்களே, அது பயன் தருமா? (வாசகர், சேலம்)

பதில்: முதலில், அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பலர் பலூனைப்போல ஊதிக்கொண்டிருப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். கருவி மட்டுமே சிக்கலைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனால் மேல்வயிற்று அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து, கண் விழித்ததும் எப்படி ஆழ்ந்து மூச்சிழுப்பது, எப்படி இருமுவது என்று கற்றுக்கொடுத்ததால், நுரையீரல் சிக்கல்கள் 27 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்ததாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2018இல் தெரிவித்தது. வலியோடு படுத்திருப்பவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பது கடினம் என்பதால், அனுமதிக்கப்படும் நாளுக்கு முன்பே அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். புகைப்பவராயின் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.