ஏரிக்கரைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

சென்ற இதழில் பிள்ளைகளைக் கொஞ்சம் வெளியே விடுங்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயத்தைப் பற்றியவை. நியாயமான பயங்கள்தான், அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அவற்றுக்கே.

என் மகளுக்கு ஆறு வயது. நான்காவது மாடியில் வீடு. பள்ளி, டியூஷன், செல்போன், தூக்கம், இதுதான் அவள் நாள். இயற்கை என்றால் வருடத்துக்கு ஒருமுறை ஊட்டியோ கொடைக்கானலோ போய்வருவதுதான் எங்களுக்குத் தெரியும். இருவரும் வேலைக்குப் போகிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— ஒரு தாய், தாம்பரம்

ஊட்டி இருக்கட்டும். உங்கள் பால்கனியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ ஒரு தொட்டியில் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்று வாங்கி வையுங்கள், பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். என்றைக்காவது ஒருநாள் இலையின் மேல் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்துவிடாமல் மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அது புழு. எச்சம் மாதிரி இருந்தால் பறவை கொத்தாது என்பதற்காக அந்த வேஷம். சில நாளில் இலைப்பச்சைக்கு மாறி, பாதிச் செடியைத் தின்று தீர்த்துவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும், ஒரு வாடை வேறு வரும், கடிக்கவெல்லாம் செய்யாது. அப்புறம் ஒரு குச்சியில் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். ஒரு காலையில் எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சி ஈரச் சிறகோடு அங்கே தொங்கும். இதை ஆறு வயதில் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் இயற்கையைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது. முருங்கை மரத்தில் கும்பலாக இருக்கும், பட்டால் தோல் தடித்து எரியும்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்புகிற மாதிரி, பக்கத்தில் ஏதாவது ஓர் இடம். உங்களுக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கம்தான், கூழைக்கடாவும் தாழைக்கோழியும் பார்க்கலாம், சில மாதங்களில் பூநாரைகூட வரும். ஒரே இடத்துக்கே மாதம் இரண்டு முறை போங்கள். வாரம் ஓர் இடம் என்று சுற்றினால் பிள்ளைக்குப் படம்தான் மிஞ்சும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான், போன முறை இருந்த தண்ணீர் எங்கே, அந்த வெள்ளைக் கொக்குக்கு முதுகில் எப்போது செம்மஞ்சள் நிறம் வந்தது என்றெல்லாம் அவளே கேட்பாள். இன்னொரு லாபமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் போல வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

தோப்புக்குப் பக்கத்தில் வீடு. பையன் எந்நேரமும் வெளியே ஓடப் பார்க்கிறான். பாம்பு பயத்தில் என் மனைவி வாசலைத் தாண்டவிடுவதில்லை. இரண்டு பேரில் யார் சரி?
— ஒரு தந்தை, பொள்ளாச்சி

இரண்டு பேரும்தான். பாம்பு இருக்கிறது, ஆனால் அதற்காகப் பையனைக் கட்டிப்போட வேண்டாம். நம் ஊரில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நான்கு பாம்புகள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இவற்றின் படத்தைக் காட்டிப் பையனுக்குப் பழக்குங்கள், ஆனால் 'இது நல்ல பாம்பா கெட்ட பாம்பா' என்று கிட்டப் போய்ப் பார்க்கும் வேலை அவனுடையது அல்ல. எந்தப் பாம்பானாலும் அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்கி, பெரியவரைக் கூப்பிட வேண்டும்.

கடி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். தெரியாமல் மிதிப்பது, சருகுக்குள்ளோ கல்லிடுக்கிலோ மட்டைக் குவியலிலோ கையை விடுவது, இருட்டில் வெறுங்காலோடு நடப்பது. தென்னந்தோப்பில் கீழே கிடக்கும் மட்டையைக் குச்சியால் புரட்டிவிட்டுத்தான் கையால் எடுக்க வேண்டும் என்று தோப்பில் வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். மூடிய செருப்பு, முழுக்கால் சட்டை, பொழுது சாய்ந்தால் டார்ச். இவ்வளவுதான். கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வந்து தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிற பாம்பு என்பதையும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். வாசலைப் பூட்டுவதைவிடக் கட்டிலில் கொசுவலைக்குள் படுக்க வைப்பது மேல்.

கடித்துவிட்டால்? இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடிப் போகாதீர்கள். மோதிரம், கொலுசு, கயிறு இருந்தால் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததுபோல் அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு 108ஐ அழையுங்கள். பாம்பைத் துரத்தி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, ஒரே விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் பொது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் 1978இல் ஆரம்பித்த வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பதறி நேரத்தைக் கடத்துவதுதான் உயிரை வாங்குகிறது.

பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். நாங்கள் எல்லாம் ஏரியில் குதித்து வளர்ந்தவர்கள்தான். மருமகள் ஏரிப் பக்கமே போகக்கூடாது என்கிறாள். இந்தக் காலத்துப் பயம் அதிகமில்லையா?
— ஒரு பாட்டி, உத்திரமேரூர்

அம்மா, இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் மருமகள் பக்கம். பாம்பைப் பற்றிக் கேட்டு எத்தனையோ கடிதம் வருகிறது, தண்ணீரைப் பற்றிக் கேட்டு வந்தது உங்களுடையது ஒன்றுதான். அதுவும் பயம் அதிகமில்லையா என்று. உண்மையில் விடுமுறை நாட்களில் தண்ணீரில் நாம் எத்தனையோ பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

நீங்கள் குதித்த ஏரி இல்லை இது. அன்றைக்குக் கரையிலிருந்து தரை சாய்வாக இறங்கும், எங்கே இடுப்பளவு, எங்கே கழுத்தளவு என்று ஊருக்கே தெரியும். இப்போது பல ஏரிகளில் இயந்திரம் வைத்து மண் அள்ளியிருக்கிறார்கள். மழை பெய்து நிறைந்தபின் அந்தப் பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் ஏரியில் நானே பார்த்தேன். நான்கு பிள்ளைகளோடு போயிருந்தேன். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், ஒரு பையன் நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தான். கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது, அதைப் படமெடுக்கப் போனைத் தூக்கினேன். மறுபடி பார்க்கும்போது அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. ஒரு சத்தம் இல்லை. கத்தவில்லை, கையை வீசவில்லை, தண்ணீர்கூடப் பெரிதாகத் தெறிக்கவில்லை. இரண்டு எட்டு தூரம்தான், எட்டிப் பிடித்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் ஓரத்தில் நான் போனைத் தொடுவதில்லை.

அதனால் ஏரிக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரை மேலே நடங்கள். நாரையும் நீர்க்காகமும் காட்டுங்கள், மதகைக் காட்டி அது எப்படித் திறக்கும், யார் திறப்பார்கள் என்று சொல்லுங்கள், உங்களைவிட நன்றாக அதை அவனுக்கு யார் சொல்ல முடியும்? தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே இறங்க வேண்டும். பத்துப் பேர் கும்பலாகப் போகும்போதுதான் ஆபத்து அதிகம், அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். 'இந்த அரை மணி நேரம் நீ பார்' என்று பேர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆகாயத்தாமரை மூடிய இடம் புல்தரை மாதிரி தெரியும், கிட்டவே விடாதீர்கள். கல்குவாரிக் குட்டை கூடவே கூடாது, பிடித்து ஏற ஒரு படிகூட இருக்காது.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிப்பதும் தவறு, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். கரையில் படுத்துக்கொண்டு வேட்டியையோ துப்பட்டாவையோ நீளக் கழியையோ நீட்டுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனை வீசினால் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். பேரனுக்கும் இதையே சொல்லுங்கள்: நண்பன் விழுந்தால் நீ குதிக்காதே, எதையாவது வீசு, கத்து. இந்த விடுமுறையிலேயே அவனை நீச்சலுக்கும் அனுப்புங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் இரவில் ஆமை பார்க்கப் போவார்களாமே, ஒன்பது வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?
— ஒரு வாசகர், சென்னை

1988இலிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் ஜனவரி தொடங்கி முட்டையிடும் காலம் முழுக்க அந்த மணலில் நடக்கிறார்கள். ஆனால் அது நடுராத்திரியில் ஆரம்பித்து விடியும் வரை பல கிலோமீட்டர் நடை. ஆமை வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஒன்பது வயதுக்கு அது அதிகம், இரண்டு மூன்று வருடம் போகட்டும். அதற்குப் பதில் மார்ச், ஏப்ரலில் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் கூட்டிப் போங்கள். ஒரு கூட்டில் நூறு முட்டை போல இருக்கும், 45 முதல் 60 நாளில் பொரியும். உள்ளங்கையில் அடங்கும் பங்குனி ஆமைக் குஞ்சு மணலில் துடுப்புப் போட்டுக்கொண்டு அலையை நோக்கிப் போவதையும், முதல் அலை அதைப் பின்னால் புரட்டிப் போடுவதையும், அது திரும்பவும் கிளம்புவதையும் அவன் மறக்கவே மாட்டான். வெளிச்சம் தெரிகிற பக்கம் போவது அதன் இயல்பு, போன் டார்ச்சை அடித்தால் திசை மாறிவிடும். எதையும் கையில் எடுக்கக் கூடாது. கரையில் செத்து ஒதுங்கிய பெரிய ஆமையையும் அவன் பார்க்க நேரலாம். மறைக்காதீர்கள், இழுவை வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்குப் புரியும். உங்கள் கண் மட்டும் அலையிலும் இருக்கட்டும், அந்தக் கடல் காலை இழுக்கும்.

வெளியே போய்வந்தால் காய்ச்சல் வந்துவிடுகிறது. உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே?
— ஒரு தாய், வேலூர்

புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. முழுக்கை, முழுக்கால் உடை போட்டு, புதரில் உட்காரவிடாமல், வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டித் துணியை மாற்றினால் பெரும்பாலும் தப்பலாம். போய்வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடை இடுக்கு, வயிற்று மடிப்பு எல்லாம் பாருங்கள். சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புத் தழும்பு இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள், புதர்ப் பக்கம் போனதையும் நீங்களாகச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மருந்தில் குணமாகிவிடும்.

நண்பர்கள் குடும்பத்தோடு மலையேறத் திட்டம் போடுகிறார்கள். அனுமதியெல்லாம் தேவையில்லை, தெரிந்த ஆள் கூட்டிப் போவார் என்கிறார்கள். எட்டு வயதுப் பெண் கூட வருகிறாள்.
— ஒரு தந்தை, மதுரை

போகாதீர்கள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ந்த புல், காற்று, சரிவு. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். காட்டுத்தீ மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். முறையான வழி இப்போது இருக்கிறது: வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆரம்பித்தது, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், வழிகாட்டியும் கூட வருவார். குழந்தைகளுக்கான வயது விதியைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிட்டு, எளிய பாதை ஒன்றை எடுங்கள். போகும்போது வாசனைத் திரவியம் வேண்டாம், பாறையடியில் மலைத்தேனீக் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். இடி கேட்டால் தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

அக்கா, எங்கள் வீட்டு வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மைனாக் குஞ்சு கிடக்கிறது. மனிதர் தொட்டால் அம்மா மைனா சேர்க்காது என்கிறார்கள். நான் எடுத்து வளர்க்கலாமா?
— ஐந்தாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

தம்பி, நீ தொட்டதற்காக அம்மா மைனா அதை ஒதுக்காது, அது சும்மா சொல்வது. முதலில் இறகு முளைத்திருக்கிறதா என்று பார். தோலாக, கண் மூடி இருந்தால் தவறி விழுந்தது. கூடு எட்டுகிற உயரத்தில் இருந்தால் அப்பாவைவிட்டு மெதுவாகத் திரும்ப வைக்கச் சொல், நீ மரம் ஏறாதே. கூடு எட்டவில்லை என்றாலோ குஞ்சுக்குக் காயம் இருந்தாலோ அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டு அப்பாவை வனத்துறைக்குப் போன் பண்ணச் சொல். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறது என்றால் அது விழவே இல்லை, பறக்கப் படிக்கிறது. அம்மா பக்கத்தில் எங்கேயோ இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீ அந்த இடத்தை விட்டுப் போனால்தான் புழுவோடு இறங்கி வரும். வளர்க்கக் கூடாது, காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைக்க 1972ஆம் வருடச் சட்டம் இடம் தராது. பால், சோறு எதுவும் ஊட்டாதே. வேண்டுமானால் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அம்மா எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, வாயில் என்ன கொண்டு வருகிறது என்று நோட்டில் எழுது, எனக்கும் அனுப்பு. வீட்டில் பூனை இருந்தால் இரண்டு நாள் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.