நாலு வயசும் ஒன்றரை வயசுமா ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு மூணு நாள் டூர் போகலாமா, இல்ல வளரட்டும்னு காத்திருக்கணுமா?

போகலாம். தாராளமா போங்க. ஆனா வேன் பிடிச்சு ரெண்டு நாள்ல ஆறு ஊர் பார்க்கிற டூரா இருந்தா வேண்டவே வேண்டாம்.

நீங்க கேட்டிருக்கிறதைப் பார்த்தா, "இந்த வயசுல கூட்டிட்டுப் போயி அதுகளுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது, காசைக் கரியாக்காத"ன்னு வீட்டுல யாரோ சொல்லியிருக்காங்கன்னு தோணுது. எங்க வீட்டுலயும் இதே வார்த்தைதான். ஞாபகம் இருக்காதுன்னு பிள்ளைக்கு நிலாச்சோறு ஊட்டாம இருக்கோமா? கதை சொல்லாம இருக்கோமா? இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாம இருக்க முடியல.

நாங்க மதுரை. முதல் டூர் 2023 மே மாசம். மூத்தவளுக்கு அப்ப ரெண்டு வயசு. மாமனார், மாமியார், பெரிய அத்தான் குடும்பம், நாத்தனார் குடும்பம், நாங்க மூணு பேர்னு மொத்தம் பதினாலு பேர், ஒரே வேன். திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, குற்றாலம், சங்கரன்கோவில். விடியக்காலை மூணு மணிக்குத் தூங்குற பிள்ளையை அப்படியே தூக்கிட்டு வந்து வேன்ல ஏறினேன். திருச்செந்தூர்ல தரிசன வரிசை. கன்னியாகுமரியில விவேகானந்தர் பாறைக்குப் போற படகு வரிசை. அன்னைக்கு அடிச்ச வெயில்ல பெரியவங்களே துவண்டு போனாங்க.

வேன்ல ஏறினதுல இருந்தே பிள்ளை வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா. வேன் குலுக்கல்தான்னு எல்லாரும் சொன்னாங்க. "தண்ணி குடுக்காத, குடுத்தா மறுபடி கக்கும்"னு சொன்னாங்க, நானும் குடுக்கல. சாயங்காலம் டயபர் மாத்தப் போனா, காலையில மாத்தினது அப்படியே காய்ஞ்சு கிடக்கு. அழறா, கண்ணுல தண்ணி வரல. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிருச்சு. வேனை நிறுத்தச் சொல்லி, நாகர்கோவில்ல ஒரு சின்ன கிளினிக்குக்கு ஓடினோம்.

அங்க இருந்த டாக்டரம்மா நிதானமா சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்கு உதவும்னு எழுதுறேன். வாந்தி எடுக்குதுன்னு தண்ணியை நிறுத்தினதுதான் தப்பு. பெரிய ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் கொதிக்க வச்சு ஆறின தண்ணியில கரைக்கணும். கொஞ்சம் பொடியை டம்ளர்ல போட்டு கண்ணளவா கலக்கக் கூடாது. ஸ்பூன் ஸ்பூனா குடுக்கணும், கக்கிட்டா பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி இன்னும் மெதுவா குடுக்கணும். நாக்கு வறண்டு, கண்ணீர் இல்லாம, ஒண்ணுக்குப் போகாம இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டணும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை ஒண்ணுக்குப் போனா. நானும் என் வீட்டுக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு அழுதுட்டோம்.

நாங்க மூணு பேரும் அங்கேயே தங்கி, மறுநாள் பஸ் பிடிச்சு மதுரை வந்தோம். மத்தவங்க டூரை முடிச்சிட்டு வந்தாங்க. அப்ப காதுபட வந்த பேச்சு, "தாய்க்காரிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியல." பெரியவங்களைக் குறை சொல்றேன்னு யாரும் நினைக்க வேண்டாம். என் மாமியார் எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க. ஆனா அந்த ஒரு வார்த்தை இன்னைக்கும் உறுத்துது.

இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்றேன். வேன் வாடகையை மூணு வீட்டுக்கும் சமமா மூணு பங்கு போட்டாங்க. நாத்தனார் வீட்டுல அஞ்சு பேர், அத்தான் வீட்டுல நாலு பேர், நாங்க ரெண்டு பேரும் மடியில ஒரு பிள்ளையும். அதுவும் பாதி வழியிலேயே இறங்கியாச்சு. முழுப் பங்கையும் வாங்கிக்கிட்டாங்க. காசு பெருசில்ல. "நீங்க பாதியில இறங்கினீங்களே, குறைச்சுக் குடுங்க"ன்னு ஒருத்தர் வாயில இருந்தும் வரலையேன்னுதான் வருத்தம். கூட்டு வேன்ல போறதா இருந்தா ஏறுறதுக்கு முன்னாடியே தலைக்கு இவ்வளவுன்னு பேசிருங்க.

ரெண்டாவது டூர் 2025 ஜூலை. மூத்தவளுக்கு நாலு, சின்னவனுக்கு ஒன்றரை, உங்க பிள்ளைகள் வயசேதான். இந்தத் தடவை ஒரே ஊர், ஒரே ரூம், மூணு நாள். குற்றாலம். மதுரையில இருந்து காலையில செங்கோட்டை ரயில் ஏறி, ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியா தென்காசியில இறங்கினோம். அங்க இருந்து அஞ்சு கிலோமீட்டர் ஆட்டோ. ரயில்ல பிள்ளை நடக்கலாம், ஜன்னல்ல வேடிக்கை பார்க்கலாம், கக்கூஸ் இருக்கு. அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட்டும் கிடையாது.

முதல் நாள் எங்கேயும் போகல. ரூமுக்கு வெளியே திண்ணையில உக்காந்து சாரலைப் பார்த்தோம். மூத்தவ ரோட்டோரம் வித்த ரம்புட்டானைப் பார்த்து "முடி வச்ச பழம்"னு பேர் வச்சா. அந்தப் பழத்தை முழுசா குடுத்துராதீங்க, கொட்டையோட வழுக்கித் தொண்டையில போய் அடைச்சுக்கும். உரிச்சு, சதையை மட்டும் நறுக்கிக் குடுக்கணும். கையில தின்பண்டத்தோட பிள்ளையைத் தனியா நிறுத்தவும் கூடாது, குரங்கு பிடுங்கிரும்.

ரெண்டாம் நாள் காலையில புலியருவி. உயரம் குறைவு, தண்ணி தலையில அடிக்காது, குழந்தைகளுக்கு அதுதான் தோது. மூத்தவளை அவங்கப்பா பிடிச்சுக்கிட்டாரு. பயந்து அலறினவ, அஞ்சு நிமிஷத்துல வெளியே வர மாட்டேன்னு அடம். சின்னவனை நான் அருவிக்குள்ள கொண்டு போகவே இல்ல, தள்ளி உக்காந்து கால் மட்டும் நனைச்சுவிட்டேன். "கைக்குழந்தையை அருவிக்குக் கூட்டிட்டுப் போனியா"ன்னு கேட்கப்போறவங்க இதைப் படிச்சிட்டுக் கேளுங்க. மத்தியானம் ரூமுக்கு வந்து ரெண்டும் மூணு மணி நேரம் தூங்குச்சுங்க. அந்தத் தூக்கத்தைக் கெடுக்கிற மாதிரி எந்தத் திட்டமும் போடாதீங்க. எங்க முதல் டூர் கெட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அருவி விஷயத்துல ஒண்ணு மட்டும் கண்டிப்பா மனசுல வைங்க. கீழ வெயில் அடிச்சாலும் மேல மலையில மழை பெய்யலாம். 2024 மே 17ல பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான். தண்ணி செம்மண் நிறமா மாறினா, இலை, குச்சி அடிச்சிட்டு வந்தா, சத்தம் கூடினா, யாரும் சொல்றதுக்குக் காத்திருக்காம பிள்ளையைத் தூக்கிட்டு வெளியே வந்துரணும். போலீஸ்காரங்க விசில் அடிச்சா அவங்ககிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க.

மூணாம் நாள் பேரருவியில குளிக்கத் தடை போட்டுட்டாங்க. பக்கத்துல நின்னவங்க இவ்வளவு தூரம் வந்தது வீணாப்போச்சேன்னு புலம்பினாங்க. நாங்க தள்ளி நின்னு அரை மணி நேரம் பார்த்துட்டு, குற்றாலநாதர் கோயிலுக்குள்ள போயி கும்பிட்டுட்டு வந்தோம். மூத்தவளுக்கு அன்னைக்கு ரொம்பப் பிடிச்சது, குட்டியை வயித்துல ஒட்டிக்கிட்டு மதில்ல நடந்த குரங்கு. தடைன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது.

நாங்க ஒண்ணும் வசதியானவங்க இல்ல. ஒம்பது மாசம் சீட்டுக் கட்டி எடுத்த பணத்துல போனது. சீசன்ல சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டமும் ரூம் வாடகையும் ரெண்டு மடங்கா இருக்கும். செவ்வாய் போயி வியாழன் திரும்புற மாதிரி பாருங்க. ரூம் பேசும்போதே வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும்னு கேட்டுக்கோங்க. எங்களுக்கு எட்டு மணியோட நின்னுருச்சு, சின்னவன் எந்திரிக்கிறதே ஒம்பது மணிக்கு. பக்கத்து டீக்கடை அண்ணன்தான் மூணு நாளும் ஒரு தூக்குவாளி வெந்நீர் குடுத்துவிட்டாரு, காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.