இசைத்தட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள சார்,

ஒன்பது வருடமாகச் சென்னையில் கோரஸ் பாடுகிறேன். சமீபத்தில் வெளியான ஒரு பாட்டின் தொடக்கத்தில் வரும் ஹம்மிங் என்னுடையது. பெயர்ப் பட்டியலில் நான் இல்லை. கேட்டதற்கு, "கோரஸுக்கெல்லாம் யாரும்மா பேர் போடுவாங்க?" என்றார்கள். இதற்கு வருத்தப்படுவது அற்பத்தனமா?

க., சென்னை

அன்புள்ள க.,

இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அமெரிக்கப் பாடகி டார்லின் லவ் ஞாபகம்தான் வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு போதகரின் மகள். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். 'த பிளாசம்ஸ்' என்ற குழுவோடு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய்ப் பின்குரல் பாடினார். 1962இல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 'ஹீஸ் அ ரெபல்' பாட்டின் முன்குரலையே அவரைப் பாட வைத்தார். ஆனால் இசைத்தட்டில் அச்சான பெயர் 'த கிரிஸ்டல்ஸ்' என்ற வேறொரு பெண்கள் குழுவுடையது. அந்தப் பெண்கள் பதிவில் பாடவே இல்லை. பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. சரி, அடுத்த பாட்டிலாவது தன் பெயர் வரும் என்று நம்பிப் பாடினார். அதுவும் கிரிஸ்டல்ஸ் பெயரிலேயே வந்தது.

பெயர் போனால் பெருமை மட்டும் போவதில்லை. பாட்டு ஓடுகிற காலத்தில் மேடைக்கு அழைப்பு வருவது பெயருக்குத்தான். 1980களின் தொடக்கத்தில் டார்லின் வீட்டுவேலைக்குப் போனார். ஒரு வீட்டில் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. 1963இல் அவரே பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு! இதை அவரே சொல்லியிருக்கிறார். அங்கிருந்துதான் மறுபடி பாடக் கிளம்பினார். 1986 முதல் 2014 வரை டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பாட்டைப் பாடி வந்தார். 2011இல், ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது. அப்போது அவருக்கு வயது 69. இவ்வளவு தாமதம் எனக்கு இன்னும் கோபத்தையே தருகிறது.

"கோரஸுக்கெல்லாம்" என்று சொன்னவர் ஒருநாள் உங்கள் மைக் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். மூன்று பேர் ஒரே இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும், 'ஆ' என்றால் மூன்று வாயும் ஒரே அளவு திறக்க வேண்டும். ஆங்கிலப் பாட்டில் ஒரு சொல் 'ஸ்' என்று முடிந்தால் மூவரும் அதைச் சொல்லக் கூடாது, பாம்பு சீறுவதுபோல் கேட்கும். ஒருவர் மட்டும் சொல்ல, மற்ற இருவரும் உயிரெழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அத்தனை வருடப் பயிற்சியும்.

அதனால் தயங்காமல் கேளுங்கள். பதிவு முடிந்து வெளியே வந்த பிறகு இல்லை, மைக் முன்னால் நிற்பதற்கு முன்பே. தேதி, ஸ்டுடியோ, பாட்டு, எந்த இடத்தில் உங்கள் குரல் வருகிறது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம், அந்த ஹம்மிங் எந்தப் பாட்டில் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. எழுதுங்கள், கேட்க வேண்டும்.