பாக்டீரியாவில் தயாரித்த கிரெலின் ஏற்பியைத் தூண்டாதது ஏன்?

கேள்வி: பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலினின் ஏற்பியை வெளிப்படுத்தும் எச்.இ.கே. 293 என்னும் மனிதச் செல்களில், ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கை மனிதக் கிரெலினைச் சேர்த்தேன். ஏற்பி தூண்டப்பட்டதைக் காட்டும் கால்சியம் சமிக்ஞை எழவே இல்லை. தூய்மை 95 விழுக்காட்டுக்கு மேல் என்கிறது தரவுத்தாள். குப்பி கெட்டுவிட்டதா? – ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: குப்பி கெட்டிருக்க வேண்டியதில்லை, அதிலுள்ள புரதம் இந்தச் சோதனைக்கு உரியதன்று என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து கிரெலினைப் பிரித்தெடுத்தபோதே, 28 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியின் மூன்றாவது இடத்திலுள்ள செரினில் எட்டுக் கார்பன் கொண்ட ஆக்டனாயில் தொகுதி எஸ்டர் பிணைப்பால் சேர்ந்திருப்பதையும், அது இல்லாவிட்டால் ஏற்பி தூண்டப்படாததையும் கண்டறிந்தார்கள். அத்தொகுதியைச் சேர்க்கும் ‘கோட்’ என்னும் நொதி 2008-இல் அடையாளம் காணப்பட்டது. ஈ. கோலையில் அந்த நொதி கிடையாது. எனவே தனியாகச் சேர்க்கப்பட்டாலொழிய, அதில் உருவாகும் கிரெலினில் ஆக்டனாயில் இருக்காது.

தூய்மை விழுக்காடு இதைக் காட்டாது. ஜெல்லில் ஒரே பட்டையாகத் தெரிவது வேறு புரதம் கலக்கவில்லை என்பதற்குச் சான்றே தவிர, செயல்திறனுக்குச் சான்றாகாது. தரவுத்தாளில் நீங்கள் தேட வேண்டியது மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைநிறமாலை அளவு: ஆக்டனாயில் உள்ள மனிதக் கிரெலின் ஏறத்தாழ 3371 டால்டன், இல்லாதது 3245. அதைவிடப் பெரிய எண் இருந்தால், புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் ஹிஸ்டிடின் ஒட்டு இணைந்திருக்கலாம், அல்லது 117 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடிப் புரதத்தின் நீண்ட பகுதியே விற்கப்பட்டிருக்கலாம். ஏற்பியைத் தொடுவது அமினோ முனையின் முதல் சில அமினோ அமிலங்களே என்பதால், அம்முனையில் ஒட்டு இருப்பதும் தனித் தடையாகும்.

உங்கள் சோதனைக்கு வேதித் தொகுப்பில் தயாரித்த ஆக்டனாயில் கிரெலினையே வாங்குங்கள். அதைக் கையாளும்போது அந்த எஸ்டர் பிணைப்பைக் காப்பதே முக்கியம்: காரத்தன்மையுள்ள கரைசலில் அது அறுந்துவிடும், சீரத்திலுள்ள எஸ்டரேஸ் நொதிகளும் அதை வெட்டிவிடும். எனவே சற்று அமிலமான நீரில் கரைத்து, புரதம் ஒட்டாத குழாய்களில் சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள்; ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்காதீர்கள். சோதனையைச் சீரமற்ற ஊடகத்தில் செய்யுங்கள். சில நானோமோலார் செறிவிலேயே சமிக்ஞை தெரிய வேண்டும்.

புதிய கிரெலின் வரும்வரை, செல்களில் ஏ.டி.பி. சேர்த்துப் பாருங்கள், எச்.இ.கே. 293 செல்களுக்கு அதற்கான ஏற்பி இயல்பாகவே உண்டு என்பதால், கால்சியத்தைக் காட்டும் சாயமும் கருவியும் சரியாக இயங்குகின்றனவா என்பது தெரிந்துவிடும். கையிலிருக்கும் குப்பியை எறிய வேண்டாம். எதிர்ப்புரதத்தால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், சோதனை இயங்குவதைக் காட்டும் நேர்க்கட்டுப்பாடாக அது பயன்படும், ஆனால் உங்கள் எதிர்ப்புரதம் ஆக்டனாயில் வடிவத்தை மட்டும் அறிவதாக இருந்தால் அதற்கும் உதவாது. மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்களில் அதைச் சேர்க்க எண்ணினால், எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியா நச்சின் அளவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பாக்டீரியாவின் எச்சம் எழுப்பும் அழற்சியைக் கிரெலினின் விளைவாகப் பதிவு செய்துவிடும் ஆபத்து அங்கே உண்மையிலேயே இருக்கிறது.