வயிற்றிலேயே தெரிந்த இதயக் கோளாறு: பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கேள்வி: தேனிப் பக்கம் எங்கள் ஊர். வயது 26, முதல் பிரசவம், இப்போது 22 வாரம். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறியிருக்கின்றன என்றார்கள். வயிற்றுக் குழந்தையின் இதயத்தைப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ ஸ்கேனிலும் அதுவேதான். பிறந்ததும் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். கிரகணத்தன்று வெளியே போனதால் வந்த வினை என்கிறார் மாமியார். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய் அங்கேயே பிரசவம் பார்ப்பதாக இருந்தோம். என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: முதலில் கிரகணத்தை விட்டுவிடுவோம். கரு உண்டாகி எட்டு வாரத்துக்குள் இதயத்தின் அமைப்பு முடிந்துவிடும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, டெஸ்ட் எடுத்து, நீங்கள் வீட்டில் சொல்வதற்குள் பாதி வேலை நடந்திருக்கும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். பெரும்பாலானவர்களிடம் எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. மாமியாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் குழந்தைக்கு இருப்பது இதுதான். உடம்பைச் சுற்றி வந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்ப் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். குழாய்கள் மாறியிருப்பதால் கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றும், நல்ல ரத்தம் நுரையீரலையே சுற்றும். வயிற்றில் இருக்கும்வரை நச்சுக்கொடி பார்த்துக்கொள்வதால் குழந்தை மூன்று கிலோவுக்கு நன்றாகவே வளரும், பிறந்ததும் வீறிட்டு அழும். இரண்டு ரத்தமும் கலக்க இதயத்தின் மேலறைச் சுவரில் ஒரு சின்ன வாசலும், வெளியே ஒரு இணைப்புக் குழாயும் இருக்கும். பிறந்த ஓரிரு நாளில் அந்தக் குழாய் சுருங்கி மூடத் தொடங்கும்போதுதான் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆக்சிஜன் வைத்தாலும் பெரிதாக ஏறாது.

குழாய் மூடாமலிருக்க ப்ராஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். இந்த மருந்தில் சில குழந்தைகள் மூச்சு விட மறந்துபோவார்கள் என்பதால், வென்டிலேட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலறை வாசல் போதவில்லை என்றால், தொப்புள் வழியாகவோ தொடை வழியாகவோ பலூன் வைத்த மெல்லிய டியூபைச் செலுத்தி, இதயத்துக்குள் பலூனை ஊதி வெடுக்கென்று இழுப்போம். வாசல் அகலும். மானிட்டரில் 50 என்று கிடந்த ஆக்சிஜன் அளவு அங்கேயே 75, 80 என்று ஏறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அப்புறம்தான் ஆபரேஷன். பிரேசிலில் அடிப் ஜாடேன் 1975-இல் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்த ‘ஆர்ட்டீரியல் ஸ்விட்ச்’: இரண்டு குழாய்களையும் வெட்டி உரிய இடத்தில் மாற்றித் தைப்பது. ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனிகளையும் கூடவே இடம் மாற்ற வேண்டும். கஷ்டமே அதில்தான் இருக்கிறது. இரண்டு, மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது. தள்ளிப்போட்டால் நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ளிப் பழகிய இடது கீழறை வலுவிழந்துவிடும். அனுபவமுள்ள இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓடுகிறார்கள். செக்கப் மட்டும் ஆயுளுக்கும் உண்டு.

நீங்கள் மாற்ற வேண்டியது ஊரைத்தான். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் நீலம் பாரித்து வந்து சேர்ந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிட்னியும் மூளையும் அடிபட்டு வரும். குழந்தையை ஏற்றிச் செல்ல உங்கள் வயிற்றைவிடப் பத்திரமான வண்டி கிடையாது. மதுரையோ கோவையோ சென்னையோ, போவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: “ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்விட்ச் ஆபரேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?” “குழந்தைகளுக்கு ஹார்ட் ஆபரேஷன் செய்கிறோம்” என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஓட்டை அடைப்பது வேறு வேலை.

இதயத்துக்காக சிசேரியன் தேவையில்லை, சுகப்பிரசவம் ஆகலாம். சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம், 39 வாரம் வரை வளரட்டும். 36-ஆம் வாரமே அந்த ஊரில் போய்த் தங்கிவிடுங்கள். வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாமே.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 24 வாரம்வரை கருவைக் கலைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு மேல் மருத்துவக் குழு அனுமதிக்க வேண்டும். முடிவு உங்களுடையது. வேறு குறை எதுவும் இல்லாத குழந்தை என்றால், என்னைக் கேட்டால் தொடரத்தான் சொல்வேன். இதயச் சுவரில் ஓட்டை, நுரையீரல் குழாயில் அடைப்பு ஏதும் உண்டா என்று எக்கோ ரிப்போர்ட்டில் பார்த்துக் கேளுங்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, வருமானச் சான்றோடு உங்கள் வீட்டுக்காரர் இந்த மாதமே கலெக்டர் ஆபீஸுக்குப் போகட்டும். குழந்தை பிறந்த பிறகு அலைய அவருக்கு நேரம் இருக்காது. ஆஸ்பத்திரிப் பையில் மூடியோடு நாலைந்து சின்னக் கிண்ணங்களையும் வையுங்கள். குழந்தை ஐசியுவில் இருக்கும்போது பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும்.