வால் தேய்ந்திருந்தால் பண்ணை மீனா?

கேள்வி: கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். மீன்பிடி லைசென்ஸ், ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் டிரவுட் மீன்) பிடிப்பதற்கான கார்டு இரண்டும் வாங்கிக்கொண்டுதான் அமெரிக்கன் ஆற்றில் தூண்டில் போட்டேன். 20 அங்குல ஸ்டீல்ஹெட் டிரவுட் மாட்டியது. வாலும் முதுகுத் துடுப்பும் தேய்ந்திருந்ததால் பண்ணை மீன் என்று நினைத்து வைத்துக்கொண்டேன். வார்டன் (மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) அது ஆற்றில் இயற்கையாகப் பிறந்த காட்டு மீன், வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி, மீனை எடுத்துக்கொண்டு டிக்கெட் கொடுத்துவிட்டார். ஏரியில் இதே மாதிரி மீனை எத்தனையோ முறை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பேசாமல் அபராதத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். முதலில் அந்த மீனின் போட்டோ உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் ஒரு சின்னச் சதைத் துடுப்பு இருக்கும். கொழுப்புத் துடுப்பு என்பார்கள். பண்ணை மீனுக்குக் குஞ்சு பொரிப்பகத்தில் சிறு வயதிலேயே அதை வெட்டி ஆற்றில் விடுவார்கள். கடலுக்குப் போன மீன் திரும்பி ஏறிவரும் ஆறுகளில் பண்ணை மீனா என்று அறிய விதி பார்ப்பது இது ஒன்றைத்தான்: அந்தத் துடுப்பு வெட்டப்பட்டு, வெட்டிய இடம் ஆறியிருக்க வேண்டும். ஆறியிருக்க வேண்டும் என்பது முக்கியம்; பிடித்த பிறகு கத்தியால் அறுத்தால் புதுக் காயம் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் நினைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. தொட்டியில் நெருக்கமாக வளரும் மீனுக்குத் துடுப்பு தேய்வது உண்மைதான். ஆனால் முட்டையிடக் கூழாங்கல்லை வாலால் கிளறும் காட்டுப் பெண்மீனுக்கும் வால் தேயும். அதனால்தான் விதி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே கொழுப்புத் துடுப்பு முழுசாக உள்ள மீன், பொரிப்பகத்தில் பிறந்து வெட்டத் தவறியதாகவே இருந்தாலும், சட்டப்படி காட்டு மீன்தான். உடனே தண்ணீரில் விட்டாக வேண்டும். ஏரிகளில் அரசு கொண்டுவந்து விடும் டிரவுட்டுக்குப் பெரும்பாலும் இந்த அடையாளமே இருக்காது. அந்தப் பழக்கம்தான் உங்களை ஏமாற்றிவிட்டது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கலிபோர்னியா மத்தியப் பள்ளத்தாக்கின் காட்டு ஸ்டீல்ஹெட் 1998 முதல் அமெரிக்க அரசின் அழியும் அபாய இனங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. முட்டையிட வந்த ஒரு மீன் போனாலும் அந்த ஆற்றுக்கு இழப்புதான்.

இனி வழக்கு. 'தெரியாமல் செய்தேன்' என்பது இப்படிப்பட்ட வழக்குகளில் பொதுவாக உங்களை விடுவிக்காது. தண்டனையைக் குறைக்க உதவலாம். ஆனால் சில மீன்களுக்குத் துடுப்பைப் பாதி மட்டும் வெட்டியிருப்பார்கள். போட்டோவில் ஆறிய அடித்தண்டு தெரிந்தால் வாதாட இடம் உண்டு. வார்டன் எடுத்த போட்டோவையும் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், டிக்கெட்டில் குற்றத்துக்குப் பக்கத்தில் 'எம்' (M) என்ற எழுத்தை வட்டமிட்டிருக்கிறதா, 'ஐ'யை (I) வட்டமிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'ஐ' என்றால் அபராதம் மட்டுமே, சிறை கிடையாது. 'எம்' என்றால் கிரிமினல் குற்றம். பொதுவான வரம்பு 6 மாதச் சிறை, 1,000 டாலர் வரை அபராதம். முதல் தடவைக்குச் சிறை வரை போவது அரிது. ஆனால் 'எம்'மில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனைப் பதிவு; விசா விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள், மறைக்கக் கூடாது. டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டது ஆஜராவேன் என்ற உறுதிமொழிதான், ஒப்புதல் இல்லை.

'எம்' என்றால், அதை 'ஐ'யாகக் குறைக்க முடியுமா என்று அரசு வழக்கறிஞரிடம் பேச உள்ளூர் கிரிமினல் வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் குடியேற்ற வக்கீலிடமும் காட்டிவிடுங்கள். டிக்கெட்டில் உள்ள தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்; ஆஜராகாவிட்டால் அது தனிக் குற்றம்.